அப்பாயியின் தாலாட்டு எந்தக் கட்டையில் உட்காருகிறது?

போன தை மாதம் அத்தை வீட்டு பீரோவை ஒழித்துக்கொண்டிருந்தபோது ஒரு 60 நிமிடக் கேசட் கிடைத்தது. மேலே சித்தப்பாவின் கையெழுத்தில் ‘அம்மா பாட்டு, 1989’ என்று இருந்தது. டூ-இன்-ஒன்னை அப்பாயி பக்கத்தில் வைத்து அவர் பதிந்தது. தாலாட்டு, நடவுப் பாட்டு, கும்மி எல்லாம் சேர்த்துப் பதினொரு பாட்டு, பக்கவாத்தியம் எதுவும் கிடையாது, குரல் மட்டும்தான். ஆவணியில் அத்தையின் பேத்திக்குக் காதுகுத்து. அதற்குள் அந்தத் தாலாட்டுக்கு அடியில் தம்புராவும் கொஞ்சம் கீபோர்டும் வைத்து, குழந்தையை மாமன் மடியில் உட்காரவைக்கும் நேரத்தில் போட வேண்டும் என்று அத்தைக்கு ஆசை. நான் சனி, ஞாயிறுகளில் ஒரு சின்ன மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறவன். ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன், ஐந்து வாரம் ஆனது. அதில் மூன்று வாரம் ஒரே ஒரு கேள்விக்குப் போனது: இந்தப் பாட்டுக்கு ஆதார சட்ஜம், அதாவது மற்றச் சுரங்களுக்கெல்லாம் அடித்தளமான ஸா, எது?

கேசட் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சு உதிர்ந்து போயிருந்தது. அதனால் ஐந்து திருகாணி போட்ட வேறொரு கேசட்டின் கூட்டைக் கழற்றி, நாடாவை அதற்குள் மாற்றினேன். பிளேயரின் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு, ஹெட்போன் துளையிலிருந்து லேப்டாப்புக்கு ஒயர் போட்டு ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிந்தேன். நாடாவில் வெள்ளை பூத்திருக்குமோ என்று பயந்தேன், இல்லை. 35 வருடத்துக்கு மேல் ஆகியும் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவது போலவே இருந்தது.

முதலில் சுருதியின் உயரத்தைப் பார்த்தேன். தாலாட்டில் அப்பாயி நீளமாகப் பிடிக்கும் ஒரு சுரத்தைத் தனியாக வெட்டி எடுத்து அலைவெண் வரைபடம் போட்டால் 213 ஹெர்ட்ஸ் என்று வந்தது. கீபோர்டில் ஸி-யை ஒரு கட்டை என்று வைத்து எண்ணுவோம், முழு எண் வெள்ளைக் கட்டை, அரை எண் அதை அடுத்த கருப்பு. அந்தக் கணக்கில் ஐந்தரைக் கட்டை 207.65, ஆறு கட்டை 220. அதாவது இரண்டுக்கும் கிட்டத்தட்ட நடுவில். அவள் குரலே அப்படியா, சித்தப்பாவின் ரெக்கார்டர் மெதுவாக ஓடியதா, இப்போதைய பிளேயர் வேகமாக ஓடுகிறதா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. கேசட் ஒரு வினாடிக்கு 4.76 செ.மீ. ஓட வேண்டும், பல பிளேயர்கள் அப்படித் துல்லியமாக ஓடுவதில்லை. நல்ல வேளையாக நான் தேடிய விஷயத்துக்கு அது தடையே இல்லை. வேகம் மாறினால் எல்லாச் சுரமும் ஒரே விகிதத்தில் சேர்ந்து ஏறும், இல்லை சேர்ந்து இறங்கும். சுரங்களுக்குள் இருக்கும் உறவு மாறாது, பாட்டு எந்தச் சுரத்தில் போய் அமர்கிறது என்பதும் மாறாது.

அவள் குரலை நகர்த்த மனம் வரவில்லை, கீபோர்டை நகர்த்தினேன். அழுத்தும் கட்டையைவிட ஒலியை மேலே தள்ளும் டிரான்ஸ்போஸை இரண்டு அரைப்படி ஏற்றி, டியூனிங்கில் ஏ 440 என்றிருந்ததை 451 ஆக்கினேன். அப்போது பாட்டு முழுக்க கருப்புக் கட்டைகளில் மட்டும் விழுந்தது, ஒரு வெள்ளைக் கட்டைகூடத் தேவைப்படவில்லை. ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. ஐந்தே சுரம். (இனி நான் நாலரை என்று சொன்னால் விரல் வைக்கும் கட்டையைத்தான் சொல்கிறேன். காதில் விழுவது ஐந்தரைக்குக் கொஞ்சம் மேலே.) இதில் எனக்கு ஒரு சௌகரியமும் கிடைத்தது. வெள்ளைக் கட்டையில் வைத்தால் கை தானாக ஒரு கட்டையை ஸா என்று முடிவு செய்துவிடும். கருப்பில் எனக்கு அந்தப் பழக்கம் இல்லை, ஐந்தும் சமமாக நின்றன.

இங்கேதான் முதல் தவறு. தாலாட்டு கீழ் ஒன்றரையில் தொடங்குகிறது. ‘ஆராரோ’வின் முதல் எழுத்தே அதுதான், அடிக்கடி திரும்பியும் வருகிறது. சரி, அதுதான் சட்ஜம் என்று எடுத்துக்கொண்டு ஒன்றரையில் தம்புரா வைத்து, அதற்கேற்ற கார்டுகள் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) போட்டு ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து மிக்ஸ் பண்ணினேன். ஒரு சுரமும் பிசகவில்லை. ஆனால் கேட்கும்போது ஏதோ சரியில்லை, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. மறுநாள் அத்தையிடம் போட்டுக் காட்டினேன். அத்தைக்குச் சங்கீதம் படிப்பு இல்லை, அம்மா பாடிக் கேட்டு வளர்ந்தவள். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா பாட்டு நின்னுக்கிட்டே இருக்கே, எங்கயும் உக்காரலையே.”

அந்த ஒரு வாக்கியம்தான் இந்த வேலைக்கே வழி காட்டியது. பாட்டு எங்கே ஆரம்பிக்கிறது என்பது வேறு, எங்கே உட்காருகிறது என்பது வேறு. பழைய இலக்கண நூல்களில் இதற்குத் தனித்தனிப் பெயரே இருக்கிறது, தொடங்கும் சுரம் கிரகம், நின்று முடியும் சுரம் நியாசம். பிறந்தநாளுக்கு எல்லாரும் பாடும் ‘ஹாப்பி பர்த்டே’ பஞ்சமத்தில்தான் தொடங்குகிறது, சட்ஜத்தில் முடிகிறது. இது எனக்குத் தெரியாததில்லை. மேடையில் பாடகர் ஒரு வரியை முணுமுணுத்துக் காட்டும்போது பல்லவியின் முடிவைப் பாடச் சொல்லித்தான் கட்டை பிடிக்கிறேன், ஆரம்பத்தைக் கேட்பதில்லை. அப்பாயி பாட்டு என்றதும் அதை மறந்துவிட்டேன்.

அத்தை சொல்வதற்கு முன்பே கைபேசியில் இரண்டு செயலிகளிலும் போட்டுப் பார்த்திருந்தேன். என் கட்டைக் கணக்குக்கு மாற்றிச் சொன்னால், ஒன்று ஒன்றரை மேஜர் என்றது, மற்றது இரண்டரை மைனர் என்றது. இவற்றைக் குறை சொல்லிப் பயனில்லை, அவை வேலை செய்யும் விதம் அப்படி. இந்த மாதிரிக் கருவிகள் பெரும்பாலும் ஒவ்வொரு சுரமும் மொத்தத்தில் எவ்வளவு நேரம் ஒலிக்கிறது என்று கூட்டி, அதை 12 மேஜர், 12 மைனர் என்று 24 அச்சுகளோடு ஒப்பிட்டு, எது நெருங்கி வருகிறதோ அதைச் சொல்லும். ஏழு சுரமும் இருந்தால் இது ஓரளவு எடுபடும். மேஜர் ஸ்கேலில் அரை இடைவெளி (ஒட்டி அடுத்தடுத்து இருக்கும் இரண்டு கட்டைகள்) இரண்டே இடத்தில்தான் வரும், காந்தாரத்துக்கும் மத்திமத்துக்கும் நடுவில் ஒன்று, நிஷாதத்துக்கும் மேல் சட்ஜத்துக்கும் நடுவில் ஒன்று. அந்த இரண்டு நெருக்கமும்தான் விரல் நீட்டி ‘அதோ அங்கே’ என்று காட்டுகின்றன. நிஷாதத்தில் நிறுத்திப் பாருங்கள், தொண்டை தானாக மேலே ஏறத் துடிக்கும். அப்பாயி பாடிய ஐந்து சுரத்தில் அப்படி ஓர் அரை இடைவெளிகூடக் கிடையாது. இந்த ஐந்தும் நாலரை மேஜருக்குள் அடங்கும், ஒன்றரை மேஜருக்குள் அடங்கும், ஏழு கட்டை மேஜருக்குள்ளும் அடங்கும். அந்த மூன்றுக்கும் துணை மைனர்களையும் (அதே ஏழு சுரங்களைக் கொண்ட மைனர்) சேர்த்தால் ஆறு. எண்ணிக்கையை வைத்து இதில் எதையும் அடித்துச் சொல்ல முடியாது, வரிசையையும் நடையையும் கேட்டாக வேண்டும்.

அதனால் கணினியை விட்டுவிட்டுக் காதுக்கு வந்தேன். செய்தது எளிமையானது. ஒவ்வொரு அடியின் கடைசிச் சுரத்துக்குச் சற்று முன்னால் பாட்டை நிறுத்துவேன், மூன்று வினாடி மௌனம், அப்புறம் என் தொண்டைக்கு எது வருகிறதோ அதைப் பாடுவேன், அந்தக் கட்டையைத் தேடி அழுத்தி நோட்டில் எழுதுவேன். பிறகு பாட்டை ஓடவிட்டு அப்பாயி உண்மையில் எதைப் பாடினாள் என்று பக்கத்தில் குறிப்பேன். ‘ஹாப்பி பர்த்டே’யில் கடைசி ‘டு’வில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியும். அந்த ‘டு’ ரிஷபம், ‘யூ’ சட்ஜம், நடுவில் விட்டுவிட்டுப் போகவே முடியாது. இன்னொன்றையும் அதில் கவனிக்க வேண்டும். அதே கடைசி வரியில் ‘டே’யும் சட்ஜம்தான், ஆனால் அங்கே பாட்டு உட்காரவில்லை, கடந்து போகிறது. சுரம் சரியாக இருந்தால் மட்டும் போதாது, தாளத்தில் அது விழும் இடமும் நிற்கும் நேரமும் சேர்ந்தால்தான் அமர்வு.

தாலாட்டின் முதல் கண்ணியில் எனக்குக் கிடைத்தது இது. முதல் அடி ஐந்தரையில் நிற்கிறது, ஆனால் கேள்வி கேட்டுவிட்டு முகத்தைப் பார்ப்பது போல நிற்கிறது. இரண்டாம் அடி நாலரையில் இறங்குகிறது. மூன்றாவது மேல் ஒன்றரைக்கு ஏறி அங்கேயே தொங்குகிறது. நான்காவது ஆறரை, ஐந்தரை என்று படி இறங்கி மறுபடி நாலரை. நான் பாடியதும் அவள் பாடியதும் நான்கு அடியில் மூன்றில் ஒத்துப்போயின. ஒத்துப்போகாத முதல் அடியிலும் என் தொண்டை நாலரைக்கே போனது, அவள் வேண்டுமென்றே ஒரு படி மேலே நிறுத்தியிருக்கிறாள். எட்டுக் கண்ணிக்கும் இப்படி எழுதிப் பார்த்தேன், இரட்டை அடிகள் எல்லாம் நாலரை.

இருந்தாலும் ஒரு தடவை ஏமாந்தவன், எனவே தம்புராவை வைத்து ஐந்து கட்டையையும் சோதித்தேன். பாட்டு இரண்டு நிமிடம், ஐந்து தடவை, ஒவ்வொரு தடவையும் அடியில் வேறு சட்ஜம். இதைச் செய்து பார்க்காதவர்கள் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். அதே சுரங்களை வைத்துக்கொண்டு சட்ஜத்தை மட்டும் மாற்றினால் ராகம் மாறுவதை, கிரகபேதம் என்று சங்கீத வகுப்பில் எழுதிப் படிப்பது, இங்கே ஒரு கிழவியின் குரலுக்கு அடியில் உயிரோடு நடக்கிறது. ஒன்றரையை சட்ஜமாக வைத்தால் சுத்த சாவேரி ராகம். அடி முடிவெல்லாம் மத்திமத்தில் போய் நிற்கிறது, அத்தை சொன்ன ‘நின்னுக்கிட்டே இருக்கு’ இதுதான். ஐந்தரையை வைத்தால் மத்தியமாவதி, ஆனால் ஒவ்வொரு முடிவும் நிஷாதத்தில் விழுந்து இன்னும் ஒரு படிக்கு ஏங்குகிறது. ஆறரையை வைத்தால் ஹிந்தோளம். அதில் பஞ்சமமே கிடையாது என்பதால் தம்புராவின் பஞ்சமத் தந்தி பாட்டோடு உரசியது, அதை மத்திமத்துக்கு மாற்றிய பிறகும் அப்பாயியின் குரல் யாரோ வேற்றூர்க்காரி பாடுவது போல ஆகிவிட்டது. நாலரையில் வைத்ததும் மோகனம். குரலுக்கு அடியில் தரை வந்தது போல இருந்தது. அவள் ‘ஆரிரரோ’ என்று இறங்கி முடிக்கும்போது தம்புரா எது, குரல் எது என்று பிரிக்க முடியவில்லை.

உண்மையில் என்னைத் தடுமாறவைத்தது ஐந்தாவது, இரண்டரைக் கட்டை. அதை சட்ஜமாக வைத்தால் சுத்த தன்யாசி. மேஜருக்கும் அதன் துணை மைனருக்கும் உள்ள உறவு இது, அதனால் எங்கும் இடிக்காது. பாட்டு கொஞ்சம் சோகமாகிறது, அந்தச் சோகமும் தாலாட்டுக்குப் பொருந்துகிறது. அரை நாள் இதுவாகவே இருக்கலாமோ என்று நினைத்தேன். தீர்த்து வைத்தது ஒரு சத்தம். சித்தப்பா இதைப் பதிந்தபோது அப்பாயி சும்மா உட்கார்ந்து பாடவில்லை, தூளி ஆட்டிக்கொண்டே பாடியிருக்கிறாள். ஹெட்போனில் கேட்டால் உத்தரத்தில் கயிறு உரசும் ‘கிறீச்’ ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு தடவை வருகிறது. அந்தக் கிறீச்சுகளை ஆடாசிட்டியில் ஒவ்வொன்றாகக் குறித்துப் பார்த்தேன். இரட்டை அடிகளின் முடிவில் நாலரை வந்து விழுவது சரியாகக் கிறீச்சின் மேல், விழுந்தபின் இரண்டு முழு ஆட்டம் அசையாமல் நிற்கிறது, மூச்சும் அங்கேதான் எடுக்கிறாள். இரண்டரை வரும் இடமெல்லாம் ஆட்டத்துக்கு நடுவில், ஒன்றரைக்குப் போகிற வழியில். எங்கும் அரை ஆட்டத்துக்கு மேல் அது நிற்கவே இல்லை. இதற்குப் பிறகு எனக்குச் சந்தேகம் இல்லை.

அடுத்து ஏ பக்கத்து மூன்றாம் பாட்டு, நடவுப் பாட்டு. அதே ஐந்து கருப்புக் கட்டைதான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தாலாட்டுக்கு வைத்த தம்புராவை அப்படியே வைத்தேன், பாட்டு மறுபடியும் நின்றுகொண்டே இருந்தது! நோட்டில் எழுதிப் பார்த்தால் இங்கே அடிகள் இறங்கும் இடம் இரண்டரை. மேலே இருந்து நாலரை வழியாக ஒரு தாவலில் இறங்குகிறது, கீழே இருந்து ஒன்றரை வழியாக ஒரு படி ஏறி வந்து சேர்கிறது, இரண்டு பக்கமிருந்தும் வந்து அதே இடத்தில் முடிகிறது. தாலாட்டில் வெறும் வழிப்போக்காக இருந்த கட்டை இங்கே சட்ஜம். ஒரே கேசட்டில், ஒரே குரலில், ஒரே ஐந்து சுரத்தில், ஒன்று மோகனம் சாயல், மற்றது சுத்த தன்யாசி சாயல். சாயல் என்றுதான் சொல்ல வேண்டும், அப்பாயி ராகம் பார்த்துப் பாடவில்லை.

கும்மியில் வேறொரு பாடம். கடைசிச் சுரம்தான் சட்ஜம் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் தப்பாகும். அப்பாயி ஓர் அடி பாட, பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் வாங்கிப் பாடுகிறார்கள். முன்னடி எப்போதும் ரிஷபத்தில் முடிகிறது, அது முடிவதற்காக அல்ல, மற்றவர்கள் வாங்குவதற்காக. பின்பாட்டுத்தான் அதை சட்ஜத்துக்குக் கொண்டுவந்து வைக்கிறது. கடைசியில் அப்பாயி முன்னடியைப் பாடியதும் எல்லாரும் குலவை போட்டுவிடுகிறார்கள், அதனால் பதிவில் இருக்கும் கடைசிச் சுரம் ரிஷபம். இது அபூர்வமும் இல்லை. நம் தேசிய கீதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், கடைசி ‘ஜய ஹே’யின் ‘ஹே’ மத்திமத்தில்தான் நிற்கிறது, பள்ளியில் ஆயிரம் தடவை பாடியும் பலர் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். அதனால் ஒரு முடிவை மட்டும் பார்க்காமல் எல்லா முடிவையும் எழுதுகிறேன். எந்தச் சுரத்தில் மூச்சு எடுக்கிறார்கள், எதை நீட்டுகிறார்கள், எதற்கு அப்புறம் புதுக் கண்ணி தொடங்குகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் ஏமாறுவது குறையும்.

பி பக்கத்தில் ஒரு தொல்லை மிச்சம் இருந்தது. பக்கத்தின் தொடக்கத்தில் சட்ஜம் 213 ஹெர்ட்ஸ், முடிவுக்கு வரும்போது 219. அப்பாயிக்குச் சுருதி ஏறிவிட்டது என்று முதலில் நினைத்தேன், ஆனால் பேச்சுக் குரலும் சேர்ந்து மெலிதாகிக்கொண்டே போகிறது. பதியும்போது பேட்டரி இறங்கியிருக்க வேண்டும். அப்போது நாடா மெதுவாக ஓடியிருக்கும், அதை இப்போது சரியான வேகத்தில் ஓட்டினால் எல்லாம் மேலே ஏறிக் கேட்கும். சட்ஜம் எது என்று ஏற்கெனவே தெரிந்ததால் இதைச் சரிசெய்ய முடிந்தது. ஒவ்வொரு கண்ணியிலும் பாட்டு உட்காரும் சுரத்தை அளந்து, அந்தப் புள்ளிகளை வைத்துக்கொண்டு வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போய், எல்லா அமர்வும் 213-லேயே விழும்படி செய்தேன். அமர்வு தெரியாமல் இருந்தால் எதை எதனோடு ஒப்பிடுவது என்றே தெரிந்திருக்காது.

தாலாட்டுக்குக் கடைசியில் அதிகம் எதுவும் சேர்க்கவில்லை. நாலரையில் தம்புரா, இரட்டை அடிகளின் முடிவில் மட்டும் கீபோர்டில் ஒரு மெல்லிய மேஜர் கார்டு, முதல் அடியும் மூன்றாம் அடியும் நிற்கும் இடத்தில் ஒன்றுமே இல்லை. அங்கே எதை வைத்தாலும் அவள் கேட்கும் கேள்விக்கு நான் முந்திக்கொண்டு பதில் சொல்வது போல இருந்தது. கிறீச் சத்தத்தையும் எடுக்கவில்லை. அத்தையிடம் போட்டபோது நடுவில் ஒன்றும் சொல்லாமல் கேட்டாள், இரண்டாம் கண்ணியிலிருந்து கூடவே பாட ஆரம்பித்துவிட்டாள், தம்புரா இருந்ததால் சுருதி விலகவே இல்லை.

பதினொன்றில் பத்துக்கு நோட்டில் கட்டை எழுதியாகிவிட்டது. பாக்கி இருப்பது பி பக்கத்துக் கடைசி, ஓர் ஒப்பாரி. அதில் ஒவ்வொரு அடியின் முடிவும் அழுகையோடு சறுக்கி இறங்குவதால் உட்காரும் இடம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கூட உட்கார்ந்து பாடிக் காட்ட அத்தையால்தான் முடியும். ஆனால் காதுகுத்து முடியும்வரை அந்தப் பாட்டை வீட்டில் போடக் கூடாது என்று சொல்லிவிட்டாள், அதனால் ஆவணி கழியட்டும் என்று கேசட்டை எடுத்து வைத்திருக்கிறேன்.